ஊசி உடைந்தால் முதலில் என்ன கேட்கிறீர்கள்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் புதிதாக லைன் (தையல் மிஷின் வரிசை) சூப்பர்வைசர் ஆனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் டெய்லராகவோ செக்கிங்கிலோ இருந்து மேலே வந்தவர்கள்தான். மிஷின் தெரியும், பீஸ் தெரியும், ஆனால் நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து தைத்த அக்காவிடம் இன்று வேலை வாங்க வேண்டும், அதுதான் புதுசு. நல்ல தலைவன் என்றால் காலை ஐந்து மணிக்கு எழுவான், கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வான் என்றெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டு வருவார்கள். எழட்டும், நல்லதுதான். நான் அவர்களிடம் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் லைனில் ஊசி உடைந்தால் உங்கள் வாயில் வரும் முதல் கேள்வி என்ன?

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஏற்றுமதித் துணி தைக்கும் இடத்தில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அப்போது தைத்துக்கொண்டிருந்த பண்டலையே (துணிக் கட்டையே) ஒதுக்கி வைத்து மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது குழந்தை போடும் சட்டையாக இருக்கலாம். இதற்குள் லைன் நின்றுவிடும், டார்கெட் போய்விடும். அந்த எரிச்சலில் சூப்பர்வைசர் வாயில் வருவது, 'யாரு உடைச்சது?'

அவ்வளவுதான். அடுத்த முறை அந்த அக்கா சொல்ல மாட்டார். வெளியில் வாங்கி வைத்திருக்கும் ஊசியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுத் தைத்துக்கொண்டே இருப்பார், துண்டு துணிக்குள் போயிருந்தாலும் யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசரோ தன் லைனில் ஊசியே உடைவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ரெஜிஸ்டர் வாரக்கணக்கில் காலியாக இருந்தால் எனக்குப் பயம்தான் வரும்.

இது படிப்பு குறைந்த இடத்துப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் பனிமூட்டத்துக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துடையது, அதன் கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, எதிரே இருக்கும் மற்றொரு விமானம், அமெரிக்காவின் பான் ஆம் விமானம், இன்னும் விலகவில்லையோ என்று பின்னால் இருந்த விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார், பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. இதையும் இதுபோன்ற வேறு சில விபத்துகளையும் பார்த்த பிறகுதான், கீழே இருப்பவர் துணிந்து சொல்லவும் கேப்டன் காதுகொடுத்துக் கேட்கவும் தனியாகப் பயிற்சி வந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ் 1981-இல் அதைத் தொடங்கியது.

சரி, லைனில் என்ன செய்வது? 'யாரு' என்பதை விட்டுவிட்டு 'எந்தப் பண்டல், துண்டு எல்லாம் கிடைச்சுதா?' என்று கேட்டுப் பழகுங்கள். கோபம் வரத்தான் செய்யும், பேசுவதற்கு முன் குனிந்து நீங்களும் ஒரு துண்டைத் தேடுங்கள், அந்த நேரத்தில் பாதி அடங்கிவிடும். அப்புறம், காலையில் லைனைச் சுற்றும்போது 'எல்லாம் ஓகேவா?' என்று கேட்காதீர்கள், அதற்கு 'ஓகேங்க' என்பதைத் தவிர வேறு பதில் வராது. 'இன்னைக்கு எந்த மிஷின் தகராறு பண்ணுதுங்க?' என்று கேளுங்கள். ஓவர்லாக்கில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மெக்கானிக் வந்தாரா இல்லையா என்பதை அன்றைக்கே அப்படிச் சொன்னவரிடம் போய்ச் சொல்லுங்கள். வரவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

'இப்படி விட்டா பயமே இல்லாமப் போயிடும் சார்' என்பார்கள். ஊசி உடைவது வேறு, விரலைக் காக்கும் நீடில் கார்டை வேண்டுமென்றே கழற்றி வைத்துவிட்டுத் தைப்பது வேறு. இரண்டாவதுக்குக் கண்டிப்பு வேண்டும், அதில் எனக்குத் தயக்கமே கிடையாது. ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி கத்துபவரிடம் இரண்டுமே மறைக்கப்படும்.

இதில் சூப்பர்வைசரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மணிக்கு ஒரு தரம் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர் அதைக் கீழே இறக்காமல் இருப்பது லேசான காரியமில்லை. அதனால் வகுப்பு எடுக்கச் சொல்லி முதலாளிகள் கூப்பிடும்போது, புரொடக்‌ஷன் மேனேஜரும் சூப்பர்வைசர்களோடு வந்து உட்கார வேண்டும் என்று கேட்கிறேன். 'அவருக்கு நேரமில்லைங்க' என்று சொல்லும் இடங்களில் ஒரு நாள் வகுப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.