காலி கப்புல டீ குடிக்கிற குழந்தைக்குள்ள என்ன நடக்குது?

ரெண்டு வயசு குழந்தை வாழைப்பழத்த எடுத்து காதுல வச்சுக்கிட்டு "ஹலோ"ன்னு சொன்னா நாம சிரிச்சுட்டு போயிடுவோம், ஆனா ஆலன் லெஸ்லின்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1987ல இத ஒரு பெரிய புதிரா எடுத்துக்கிட்டு ஒரு கட்டுரையே எழுதினாரு. அவரோட கேள்வி சிம்பிள் தான். அந்த வயசுல தான் குழந்தை எது என்ன, எது எதுக்குன்னு ஒவ்வொண்ணா கத்துக்கிட்டு இருக்கு, பழம்னா சாப்பிடறது, போன்னா பேசறது. அப்ப போய் பழத்த போனா வச்சு விளையாடினா கத்துக்கிட்டது எல்லாம் குழம்பணுமே? ஒண்ணும் குழம்பறதில்ல. பேசி முடிச்ச கையோட அதே பழத்த உரிச்சு தின்னுடுது.

லெஸ்லி சொன்ன விளக்கம் என்னன்னா, "இது போன்"ங்கிற நினைப்ப மனசு தனியா பிரிச்சு ஒரு வேலி போட்டு வச்சிருது. வேலிக்குள்ள அது போன், வெளிய எப்பவும் போல பழம் தான். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது.

இத காட்ட அவர் பண்ண சோதனை இருக்கே, அது எனக்கு ரொம்ப பிடிக்கும். ரெண்டு பொம்மை கப்பு, ரெண்டுமே காலி. காலி பாட்டில சாய்ச்சு ரெண்டுலயும் "ஊத்துவாங்க". அப்புறம் ஒரு கப்ப தூக்கி, கவுத்து, ஒரு ஆட்டு ஆட்டிட்டு பழையபடி வச்சுருவாங்க. இப்ப எது காலின்னு கேட்டா, குழந்தை கவுத்த கப்ப காட்டும்! ரெண்டுலயும் ஒரு சொட்டு கூட இல்ல, ஆனாலும் இல்லாத தண்ணி எதுல இருக்கு, எதுல தீந்து போச்சுன்னு அது மனசுக்குள்ள கணக்கு வச்சுக்கிட்டே இருந்திருக்கு. கவுத்தா கொட்டிடும்ங்கிற நிஜ உலக விதியும் பொய் தண்ணிக்கு அப்படியே செல்லுபடி ஆகுது பாருங்க, கற்பனைன்னா என்ன வேணா நடக்கும்னு குழந்தை நினைக்கறதே இல்ல.

சரி, எதிர்ல இருக்கறவங்க நிஜமாவே சாப்பிடறாங்களா, சும்மா பாவனை பண்றாங்களான்னு பேச்சே சரியா வராத குழந்தைக்கு எப்படி தெரியும்? ஏஞ்சலின் லில்லார்ட்னு ஒரு உளவியல் ஆய்வாளரும் இன்னொருத்தரும் 2004ல வெளியிட்ட ஆய்வுல, ஒன்றரை வயசு குழந்தை முன்னாடி அம்மாக்கள ஒரு தடவ நிஜமாவும் ஒரு தடவ பொய்யாவும் சாப்பிட சொல்லி கவனிச்சாங்க. பொய்யா சாப்பிடும்போது அம்மாக்கள் குழந்தை முகத்தையே ரொம்ப நேரம் பாக்கறாங்க, அதிகமா சிரிக்கறாங்க, உறிஞ்சற மாதிரி சவுண்ட் விடறாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல, தானா வருது. குழந்தைக்கு இது தான் துப்பா இருக்கலாம்.

இந்த பாவனை விளையாட்டு ஆரம்பிக்கிறது ஒரு வயசு தாண்டி கொஞ்ச நாள்ல. குழந்தைங்க புத்தி எப்படி வளருதுன்னு ஆராய்ஞ்ச பியாஜே தன்னோட பொண்ண உக்காந்து கவனிச்சு குறிச்சு வச்சிருக்காரு, ஒண்ணேகால் வயசுல அது ஒரு துணியோட ஓரத்த தலகாணி மாதிரி பிடிச்சுக்கிட்டு விரல் சூப்பிக்கிட்டு தூங்கற மாதிரி படுத்துச்சாம், ஆனா சிரிப்ப அடக்க முடியல. கொஞ்ச நாள்ல ரப்பர் கழுத பொம்மையோட வாலும் தலகாணி ஆயிருச்சு. முதல்ல தன்ன வச்சு, அப்புறம் பொம்மைக்கு ஊட்டி, அப்புறம் தான் மூணு நாலு வயசுல "நீ டாக்டர், நான் பேஷண்ட்"னு கூட்டா விளையாடறது எல்லாம் வரும். ஒன்றரை வயசுல ஆட்டிசம் அறிகுறிய தேடறதுக்கு 1990கள்ல வந்த ஒரு கேள்விப்பட்டியல்ல பாவனை விளையாட்டு இருக்கான்னும் கேட்டாங்க, அது மட்டும் இல்ல, விரல் நீட்டி காட்டுதா, நாம பாக்கற பக்கம் திரும்பிப் பாக்குதான்னும் சேத்து தான். அதனால இது ஒண்ண மட்டும் வச்சு யாரும் பயந்துக்க வேணாம்.

ஒரு வேஷத்த எடுத்துக்கிட்டா குழந்தை அதோட விதிக்கு கட்டுப்படும், அதுல தன் வயசுக்கு மேல ஒரு படி உசந்து நிக்கும்னு ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930கள்லயே சொல்லிட்டாரு. 2017ல இத ஒட்டி ஒரு ஜாலியான ஆய்வு வந்துச்சு. நாலு வயசு, ஆறு வயசு குழந்தைங்களுக்கு பத்து நிமிஷம் போரான கம்ப்யூட்டர் வேலை, பக்கத்துலயே கேம் போட்ட ஐபேட். பேட்மேன் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு "பேட்மேன் நல்லா வேலை பாக்கறாரா?"ன்னு தன்னையே கேட்டுக்கிட்ட குழந்தைங்க தான் "நான் நல்லா பாக்கறேனா?"ன்னு கேட்டவங்கள விட அதிக நேரம் வேலைய பாத்துச்சு. (மொத்தத்துல பாத்தா பாதிக்கு மேல நேரம் ஐபேட்டுக்கு தான் போச்சு, அது வேற விஷயம்.)

இதெல்லாம் படிச்சுட்டு பாவனை விளையாட்டு புத்திய வளர்க்கும், மொழிய வளர்க்கும், கிரியேட்டிவிட்டிய வளர்க்கும்னு அடிச்சு விடற பொம்மை விளம்பரத்த நம்பிடாதீங்க. அதே லில்லார்ட் குழு 2013ல அதுவரைக்கும் வந்த ஆய்வுகள எல்லாம் அலசி, இதுங்களுக்குள்ள தொடர்பு இருக்கு, ஆனா விளையாட்டு தான் காரணம்னு சொல்ல ஆதாரம் பத்தலன்னு எழுதிட்டாங்க. நல்லா பேசற குழந்தை அதிகமா இப்படி விளையாடலாம், இல்ல கூட உக்காந்து விளையாடற பெரியவங்களோட பேச்சு தான் உதவி இருக்கலாம். கதை சம்பந்தப்பட்ட திறமை மாதிரி சில விஷயத்துல மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தர்ற முடிவு இருந்துச்சு. எனக்கு இந்த நிதானம் தான் சரின்னு படுது.

அவங்களே 2018ல இன்னொண்ணு பண்ணாங்க, பொய்யா செய்யறது பிடிக்குமா நிஜமா செய்யறதான்னு குழந்தைங்க கிட்டயே கேட்டாங்க. பெரும்பாலும் நிஜம் தான் வேணும்னுச்சுங்க, அதுவும் நாலு வயசு தாண்டினதுங்க. பொய் போதும்னு சொன்னதுங்க சொன்ன காரணம், நிஜமா செய்ய பயமா இருக்கு, தெரியாது, இல்லன்னா வீட்டுல விட மாட்டாங்க.