ஏறும்போது வயிறு, இறங்கும்போது காது

பள்ளி விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலையில் எங்கள் கிளினிக் வாசலில் செருப்பு கழற்றிவிட இடம் இருக்காது. சுங்கை சிப்புட்டில் தாதியாக இத்தனை வருடம் இருந்ததில், அந்தக் கூட்டத்தில் கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் யார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். "மிஸ்ஸி, இது உங்களுக்கு" என்று ஒரு பொட்டலம் ஸ்ட்ராபெரியை மேசையில் வைத்துவிட்டு, தோளில் துவண்டு கிடக்கும் பிள்ளையைக் காட்டுவார்கள்.

நடை பழகும் வயதுப் பிள்ளையை மலைக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்பவர்களிடம், தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். மலையிலுள்ள தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அதனால் மலை பிள்ளையை ஒன்றும் செய்யாது. நான் பார்த்த தொல்லைகளெல்லாம் காரிலும் சாப்பாட்டு மேசையிலும் ஹோட்டல் அறையிலும் வந்தவை.

முதலில் பாதை. தாப்பா வழி பழைய பாதை, வளைவுக்கு மேல் வளைவு. சிம்பாங் பூலாய் வழி அகலமானது. நம் ஊரிலிருந்து போக அதுதான் பக்கமும்கூட. லாத்தா இஸ்கந்தார் அருவியைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே சிலர் சுற்றிக்கொண்டு தாப்பா வழியாகப் போகிறார்கள். வாந்தி எடுக்காத பெரிய பிள்ளைகள் என்றால் சரி. இரண்டு வயதுக்குக் கீழே வாந்தி அவ்வளவாக வராது. இரண்டு தாண்டினால்தான் அந்தத் தொல்லை ஆரம்பிக்கும், பன்னிரண்டு வயதுவரை இருக்கும். காலையில் நாசி லெமாக் கொடுத்து ஏற்றாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள். ஒரு இட்லி, இல்லையென்றால் இரண்டு பிஸ்கட் போதும். கைப்பேசியில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் பிள்ளை அமைதியாக இருக்கும், ஆனால் அடுத்த வளைவிலேயே குமட்டும். கண் ஒரே இடத்தில் நிற்க உடம்பு மட்டும் ஆடுவதால் வருகிற வினை அது.

வாந்தி மருந்து விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். அக்காள் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தில் மிச்சம் இருக்கிறது, அரை ஸ்பூன் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். புரோமெதசின் போன்ற தூக்கம் வரவழைக்கும் மருந்துகள் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் மூச்சையே மந்தமாக்கிவிடலாம். வாந்தி எடுத்தால் காரை ஓரமாக நிறுத்துங்கள். ஓடுகிற காரில் பிள்ளையை இருக்கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை இருக்கை நம் நாட்டில் 2020 ஜனவரியிலிருந்து சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், அந்த வளைவுகளில் அம்மாவின் கை பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது.

அடுத்தது, என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளினிக் மூடுகிற நேரம். ஒன்றே முக்கால் வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு அப்பா, அம்மா, பாட்டி மூவரும் ஓடி வந்தார்கள். இடது முன்கை முழுவதும் வெள்ளையாகப் பற்பசை பூசியிருந்தது, காய்ந்து வெடித்துப்போய். மலையில் ஸ்டீம்போட் சாப்பிட, மேசையிலேயே மின்பானையில் சூப்பைக் கொதிக்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் பாட்டி மடியில். எல்லோரும் மீன் உருண்டையை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் மேசை விளிம்பில் தொங்கிய மின்கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டான். கொதித்த சூப் கையில் சாய்ந்துவிட்டது.

"தண்ணீர் காட்டினீர்களா?" என்று கேட்டேன்.

"ஐஸ் வச்சோம் மிஸ்ஸி. அப்புறம் பற்பசை. தோட்டத்துல அப்பல்லாம் இதுதானே தடவுவோம்" என்றார் பாட்டி. நாற்பது வருடம் பால் மரம் வெட்டிய கை, நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பற்பசையை ஈரத்துணியால் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். கீழே கொப்புளம் ஒன்று உடைந்து தோல் சுருண்டிருந்தது. பையன் கத்திய கத்தலில் அவன் அப்பா வெளியே போய் நின்றுவிட்டார். புண்ணை மூடிக் கட்டி, அன்று ராத்திரியே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம்.

தானா ராத்தாவிலேயே சுல்தானா ஹாஜா கல்சோம் அரசு மருத்துவமனை இருக்கிறது. அவர்களுக்கு அது தெரியாது. இரண்டு மணி நேரம் பிள்ளையை அழவிட்டபடியே கீழே இறங்கியிருக்கிறார்கள்.

சுடுநீரோ சூப்போ கொட்டினால் குழாயைத் திறந்து, ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். பிள்ளை அழும்போது இரண்டு நிமிடமே இருபதாகத் தெரியும். தோலில் ஒட்டாத துணியையும் காப்பையும் உடனே கழற்றுங்கள். ஐஸ், பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்), எண்ணெய் எதுவும் வேண்டாம். ஐஸ் தோலை இன்னும் கெடுக்கும், மற்றவை புண்ணை மறைத்து, கழுவும்போது பிள்ளையை இரண்டாம் முறை நோகடிக்கும். உடனே காட்ட முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் காட்டுவதில் பலன் உண்டு, ஆகவே காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பிறகு சமையலறை பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக மேலே வைத்து மருத்துவமனைக்குப் போங்கள். கை, முகம், கொப்புளம் என்றால் காத்திருக்க வேண்டாம், 999-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்டீம்போட் சாப்பிடுங்கள், அந்தக் குளிருக்கு அது இல்லாமல் எப்படி? பிள்ளையை மட்டும் பானைக்கு எட்டாத தூரத்தில், தனி நாற்காலியில் உட்கார வையுங்கள். மடியில் வேண்டவே வேண்டாம். ஹோட்டல் அறைக் கெண்டியின் கம்பிக்கும் இதே எச்சரிக்கைதான்.

குளிரைப் பற்றி நம்மவர்கள் அளவுக்கு மீறிப் பயப்படுகிறோம். ராத்திரி 15, 16 டிகிரி வரை இறங்கும், உண்மை. அதற்காக இரண்டு ஸ்வெட்டர், குல்லா, காலுறை, மேலே கம்பளி என்று சுற்றிவிட்டால் பிள்ளை வியர்த்து எழுந்து அழும். கை சில்லென்று இருந்தால் பயப்படாதீர்கள். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் போதும், ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள்.

ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். பட்டாம்பூச்சிப் பண்ணை, சந்தை, தேயிலைத் தோட்டம் மூன்றும் ஒரே நாளில் என்றால் சாயங்காலம் பிள்ளை தரையில் உருண்டு புரளும். அதைப் பிடிவாதம் என்று திட்டுகிறோம். பாவம், அது அசதி. பகல் தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இறங்கும்போதுதான் காது. மலை மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. இறங்க இறங்க வெளி அழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளும். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையும் குறுகலும். சளி பிடித்திருந்தால் அடைத்தே கிடக்கும். விழுங்கும்போதுதான் அது திறக்கிறது. அதனால் இறங்கத் தொடங்கியதும் பிள்ளையை எழுப்பி, நிமிர்த்தி உட்கார வைத்தபடி உறிஞ்சு குழல் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தூங்குகிறதே, அப்படியே இறங்கிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. அந்தத் தூக்கம் பாதி வழியில் காதைப் பிடித்துக்கொண்டு அலறலாக முடியும். மூக்கு ஒழுகினால் இன்னொரு நாள் தங்கி இறங்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இடையிடையே நின்று மெதுவாக இறங்குங்கள்.

அந்தப் பையனின் கை ஆறிவிட்டது. வெளிர் நிறத்தில் ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. பாட்டி அவனைக் கட்டு மாற்றக் கூட்டி வந்தபோது மலையைப் பற்றிச் சொன்னார். தேயிலைச் சரிவில் பிள்ளை கை தட்டிக்கொண்டு ஓடினானாம். "இதுவும் தோட்டம்தானே மிஸ்ஸி, எவ்வளவு அழகு" என்றார். அடுத்த தீபாவளிக்கு மறுபடி போகப் போகிறார்கள்.

போகுமுன் வீட்டிலிருக்கும் காய்ச்சல் மருந்துப் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் கொண்டுவாருங்கள். பாராசிட்டமால் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. இரண்டு பாட்டிலும் பார்க்க ஒன்றுபோல. ராத்திரி ஹோட்டல் வெளிச்சத்தில் ஒன்றை இன்னொன்று என்று நினைத்து ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். பிள்ளையை எடை பார்த்து, எத்தனை மில்லி என்று பாட்டிலிலேயே பேனாவால் எழுதித் தருகிறேன்.