கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்த அன்று

புரட்டாசியில், சம்பா நடவு மும்முரமாக இருந்தபோது, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கணவரோடு என் கிளினிக்குக்கு வந்தார். 52 வயது, சர்க்கரை உண்டு. "மேல்முதுகு பிடிச்சிருக்கு, தாடை வலிக்குது, ஒரே அசதி டாக்டரம்மா" என்று அவர் முடிப்பதற்குள் கணவர், "நாலு நாளா குனிஞ்சு நட்டா, அதான். வெறும் வயிறு வேற, கேஸா இருக்கும்" என்றார். நானும் தலையாட்டி கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். இசிஜி மெஷின் என் மேசையிலிருந்து நாலடி தூரத்தில்தான் இருந்தது.

ராத்திரி திரும்ப வந்தார், வியர்வையில் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. இசிஜியில் மாரடைப்பு. ஆஸ்பிரின் கொடுத்து 108-ல் தஞ்சாவூருக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். இதே வலியோடு அவர் கணவர் வந்திருந்தால் முதலில் இசிஜிதான் எடுத்திருப்பேன். நானும் பெண்தான், இருந்தும் இப்படி.

நாங்கள் படித்த மாரடைப்பு, நெஞ்சில் கல்லை ஏற்றியது போல வலித்து இடது கைக்கு இறங்கும். பெண்களுக்கும் நெஞ்சுவலி வரும்தான், ஆனால் அது இல்லாமலோ அதோடு சேர்ந்தோ மூச்சுத்திணறல், குமட்டல், தாடைவலி, முதுகுவலி, அசதி என்று வருவது ஆண்களைவிட அவர்களுக்கு அதிகம். யாரை வைத்து ஆராய்ந்தார்கள் என்று பார்த்தால் இது விளங்கும். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 1980களில் அமெரிக்காவில் 22,071 டாக்டர்களை வைத்துப் பார்த்தார்கள், அத்தனை பேரும் ஆண்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-ல் அந்நாட்டு மருந்துத் துறையே சொல்லியிருந்தது, 1993-ல்தான் அதை மாற்றினார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்பது காரணம். சரி, அந்த மருந்தைப் பிறகு அதே பெண்கள்தானே விழுங்கினார்கள்? சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்கள் உடம்பில் மெதுவாகத்தான் கரைந்து வெளியேறுகிறது என்று அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆக்கியது 2013-ல், மருந்து சந்தைக்கு வந்து 20 வருடம் கழித்து.

அதனால் திடீரென்று இப்படி எதுவும் வந்தால், குறிப்பாகச் சர்க்கரை இருந்தால், "இசிஜி எடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் இசிஜி சரியாக இருந்தும் தொந்தரவு நிற்கவில்லையா, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், மாரடைப்பைக் கண்டுபிடிக்க ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. "நடவு முடியட்டும், பார்த்துக்கலாம்" என்பது வேண்டவே வேண்டாம்.

அந்த அக்கா தை மாசம் செக்கப்புக்கு வந்தார். கணவர் பேச ஆரம்பித்ததும், "அண்ணே, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்றேன். கதவு சாத்தியதும் அக்கா மெதுவாக, "அந்த பிரஷர் மாத்திரை தலையைச் சுத்துது டாக்டரம்மா, ஒரு மாசமா பாதிதான் போடுறேன்" என்றார். உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பிபி பார்த்தேன். பாதி மாத்திரையிலேயே குறைவாகத்தான் இருந்தது. கேட்காமல் குறைத்ததற்குத் திட்டிவிட்டு, சீட்டில் பாதி என்றே எழுதிக் கொடுத்தேன்.