அந்தரத்தில் ஒரு கிரேஸ் மார்க்

பெரம்பூரில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் ஒரு சந்தேகத்தோடு வந்தான். "மாமா, நான் லேட்டாத்தான் பட்டனை அழுத்தினேன். கால் விளிம்பைத் தாண்டிடுச்சு. ஆனாலும் குதிச்சுது. இது கேம்ல இருக்கிற பிழையா, 'பக்'கா?" அவன் விளையாடுவது செலஸ்ட் என்ற வீடியோ கேம். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கன்ட்ரோலருக்கு ராசி உண்டு என்று வேறு நம்புகிறான். தம்பி அதைத் தொடக் கூடாதாம்.

பக்கும் இல்லை, ராசியும் இல்லை. தெரிந்தே வைத்த ஏற்பாடு அது.

மேடி தார்சனும் நோயல் பெர்ரியும் 2015-ல் நாலே நாளில் விளையாட்டாகச் செய்து பார்த்த ஒரு சின்ன கேம், வளர்ந்து 2018 ஜனவரியில் செலஸ்டாக வெளிவந்தது. (நம் கல்லூரிகளில் கடைசி வருட ப்ராஜெக்டை ரெடிமேடாக வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு இப்படி நாலு நாள் சும்மா விட்டுக் கொடுத்தால் தேவலை.) மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள். குதிக்கலாம், சுவரைப் பிடிக்கலாம், காற்றில் ஒருமுறை பாயலாம். முள் பட்டால் சாவு, அடுத்த நொடியே அதே திரையில் மறுபிறப்பு. ஆயிரக்கணக்கில் செத்துத்தான் பலர் முடித்தார்கள். அந்த வருடமே கேம் அவார்ட்ஸில் சிறந்த இண்டி கேம் (பெரிய நிறுவனங்களைச் சாராமல் செய்யும் கேம்) விருது வாங்கியது. இவ்வளவு கஷ்டமான கேமை யாரும் அநியாயம் என்று திட்டாததற்குப் பெரிய காரணம், அது நமக்குத் தெரியாமல் நம் பக்கம் பேசுவதுதான்.

மேடலினை இயக்கும் நிரலை அவர்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதில் குதிப்பதற்கு ஒரு 'கிரேஸ்' நேரம் இருக்கிறது: 0.1 நொடி. பரீட்சையில் போடுகிற கிரேஸ் மார்க் போலத்தான். கால் தரையில் இருக்கும்வரை ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரையில் படம் புதிதாக மாறும் ஒவ்வொரு தடவையும், ஒரு கடிகாரம் 0.1 என்று நிரப்பப்படும். தரை போனதும் அது குறையத் தொடங்கும். பூஜ்யம் ஆவதற்குள் பட்டனை அழுத்தினால், தரையில் நிற்பதாகவே கணக்கு. நொடிக்கு 60 ஃப்ரேம், ஆக 6 ஃப்ரேம் சலுகை. மேடலின் ஓடும் வேகம் நொடிக்கு 90 பிக்சல். 0.1 நொடியில் 9 பிக்சல் போய்விடுவாள். அவள் உடம்பின் அகலமோ 8 பிக்சல்தான். அதாவது, மொத்த உடம்பும் விளிம்பைத் தாண்டி, அதற்கு மேல் இன்னொரு உடம்பு தூரம் வெறும் காற்றில் போன பிறகும் குதிக்கலாம்!

குதித்ததும் அந்தக் கடிகாரத்தைப் பூஜ்யமாக்க வேண்டும். நான் ஒருமுறை இதை எழுதிப் பார்த்தபோது அந்த ஒரு வரியை மறந்துவிட்டேன். என் பொம்மை காற்றிலேயே படி வைத்து ஏறி, திரைக்கு வெளியே போய்விட்டது.

இதற்குத் தொழில்பெயர் 'கொயோட்டி டைம்'. பழைய கார்ட்டூனில் பறவையைத் துரத்தும் கொயோட்டி (ஓநாய் ஜாதி மிருகம்), மலை விளிம்பைத் தாண்டியும் கீழே பார்க்கிறவரை விழாமல் நிற்குமே, அதுதான்.

இந்தச் சலுகை ஏன் வேண்டும்? ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 17 மில்லிநொடி. கண்ணால் பார்த்து விரல் அசைய மனிதனுக்கு 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அதனால் விளிம்பைப் பார்த்த பிறகு யாரும் அழுத்துவதில்லை, வரப்போகிறது என்று முன்கூட்டியே கணித்துத்தான் அழுத்துகிறோம். கணிப்பு என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். டிவியும் தன் பங்குக்குப் படத்தைத் தாமதமாகக் காட்டும். இயற்பியலைக் கறாராகப் பின்பற்றினால், சரியாகத்தான் அழுத்தினோம் என்று சத்தியம் செய்கிற ஆள் செத்துப்போவான். அப்புறம் கன்ட்ரோலர் பறக்கும்.

முன்னே அழுத்தினாலும் சலுகை உண்டு. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே தட்டினால் கேம் அதை 0.08 நொடி ஞாபகம் வைத்திருந்து, கால் பட்டதும் குதிக்க வைக்கும். மேலே போகும்போது தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால், 4 பிக்சல்வரை ஓரமாகத் தள்ளிவிட்டு வழி விடும்.

எல்லாம் சொல்லி முடித்தேன். ராசி போனதில் அவனுக்கு வருத்தமில்லை. கஷ்டமான ஒரு திரையை நாற்பதாவது தடவையில் தாண்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாமா, இப்ப குதிச்சது நானா, கேமா?"