நீலம் பூத்த கத்தி

பட்டறைக்கு வந்த ஓர் இளைஞர், செய்தித்தாளில் சுற்றியிருந்த சமையல் கத்தியை மேசைமேல் பிரித்து வைத்தார். கடையில் வாங்கிய சாதாரணக் கத்திதான். நுனியிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு, கூர் விளிம்பை ஒட்டி, மயில்கழுத்து நிறத்தில் ஒரு திட்டு. "பாலிஷ் போட்டால் இது போய்விடும் அல்லவா?" என்றார். நிறம் போய்விடும் என்றேன். மீதியைச் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது.

அகன்ற நுனியை ஒடுக்கி, கத்திக்குப் புதுத் தோற்றம் கொடுக்க நினைத்திருக்கிறார். முதல் முயற்சி. கைக் கிரைண்டரை வைத்து இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். பொறி பறந்தது அழகாக இருந்ததாம். அந்த இரண்டு நிமிடத்தில் கத்தியின் பதம் பறந்துவிட்டது.

பதம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கார்பன் எஃகை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடிபோல இறுகும். கண்ணாடிபோலவே உடையவும் செய்யும். அந்த முறைப்பைத் தணிக்க மறுபடி 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் வாட்டி எடுப்பார்கள். துருப்பிடிக்காத எஃகுக்கு முதல் சூடே 1000 டிகிரியைத் தாண்ட வேண்டும். வீட்டுச் சமையல் கத்திகள் பல, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 54 முதல் 58 வரை இருக்கும். பிற்பாடு எப்போது அந்த வாட்டிய சூட்டைத் தாண்டினாலும் எஃகு இளகத் தொடங்கும். மெல்லிய விளிம்பு கிரைண்டர் வட்டின் அடியில் சில நொடிகளிலேயே அதைத் தாண்டிவிடும்.

எஃகு இதைக் கண்ணெதிரே எழுதியும் காட்டுகிறது. சாதாரணக் கார்பன் எஃகில் 220 டிகிரி அளவில் வெளிர் வைக்கோல் நிறம், 260 அளவில் பழுப்பு, 280 அளவில் ஊதா, 300 அளவில் நீலம். நீலம் தெரியும்போது காரியம் கெட்டு நெடுநேரமாகியிருக்கும். துருப்பிடிக்காத எஃகு இன்னும் ஏமாற்றும்: அதே நிறங்களை அது கூடுதல் சூட்டில்தான் காட்டும். ஆகவே நிறம் மாறவில்லை, தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். நிறத்தைத் தேய்த்து எடுப்பது, காய்ச்சல்காரனின் நெற்றியைத் துடைப்பது போலத்தான்.

எனக்குத் தெரிந்த நம்பகமான வெப்பமானி விரல். அலகை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு, கிரைண்டரில் ஓடும் அரத்தாள் பெல்ட்டில் ஒரே ஒரு இழுப்பு. உடனே தண்ணீரில் முக்கு. பிறகு அடுத்த இழுப்பு. விரல் பொறுக்காத சூடு என்பது 60 டிகிரிகூட இராது. எஃகு கெடும் சூட்டுக்கு அது வெகுதூரம். வேலை மெதுவாகத்தான் நடக்கும். பொறுமை இல்லாதவர்கள் கிரைண்டரை மறந்துவிட்டு அரத்தாளும் சாணைக்கல்லும் எடுத்துக்கொள்ளலாம். கையால் தேய்த்து யாரும் கத்தியை நீலமாக்கியதில்லை.

வெறுங்கை என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் சுழலும் இயந்திரத்தின் முன் கையுறைதான் ஆபத்து: நூலிழை ஒன்று சிக்கினால் போதும், பின்னாலேயே கையும் போகும். எங்கள் பட்டறையில் நான் அதிகம் அஞ்சுவது பாலிஷ் போடும் துணிச் சக்கரத்துக்கு. பார்க்கப் பஞ்சுபோல இருக்கும். அலகின் மேல் விளிம்பு அதில் மாட்டினால், கத்தியைக் கையிலிருந்து பிடுங்கி வீசிவிடும். முதல் கத்திக்கு அந்தச் சக்கரம் வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் தொடக்கக்காரர் எதைத்தான் மாற்றுவது? பிடியை. அலகை விட்டுவிடுங்கள். கூர் விளிம்பை முதலில் மழுக்கி, அலகு முழுவதையும் தடித்த டேப்பால் சுற்றுங்கள். நான் பார்த்த வெட்டுக் காயங்களில் பாதி, பிடி வேலையின்போது அலகைப் பற்றியதால் வந்தவை. கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது பிடியின் ஓரத்தைப் பாருங்கள். அலகின் எஃகு பிடியின் கடைசிவரை ஓடி, இருபுறமும் கட்டைகள் ரிவெட்டால் இறுக்கப்பட்டிருந்தால் நல்லது. வார்த்த பிளாஸ்டிக் பிடியை உடைத்துப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வால் மட்டும் இருக்கலாம். அதன்மேல் எதையும் கட்ட முடியாது.

ரிவெட்டின் தலையைத் துளையிட்டு எடுத்து, மீதியைத் தட்டி வெளியேற்றுங்கள். பழைய துளைகளையே பயன்படுத்துங்கள். பிடிக்குள் இருக்கும் எஃகும் பதமேற்றியதாக இருந்தால் சாதாரணத் துளைமுனை அதில் வழுக்கி, தானும் மழுங்கும். ஒட்டும் பரப்பைச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, எபாக்சி ஒட்டுப்பசை தடவிப் புதுக் கட்டைகளை ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் வகையே பொதுவாக வலுவானது. கட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கவ்வியை நெரித்து முடுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, நடுவில் ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. கட்டையைத் தேய்க்கும்போது தூசி முகமூடி கட்டாயம். சில மரங்களின் தூள் தோலில் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும்.

மடக்குக் கத்தியின் ஸ்பிரிங்கையும் பூட்டையும் தொடாதீர்கள். பூட்டு விட்டால் மூடுவது விரலின்மேல்தான். தானாகத் திறக்கும்படி மாற்றினால் பல நாடுகளில் அது குற்றமும்கூட.

அந்த இளைஞரின் கத்தியைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குறைத்தோம். நீலத்தோடு நிறுத்தாமல் அதற்கு அப்பால் இருந்த பழுப்பும் வைக்கோல் நிறமும் போகும்வரை எடுத்ததில், எட்டு அங்குலக் கத்தி ஆறு அங்குலத்துக்குச் சற்றே குறைவாக வந்து நின்றது. பிடியைத் தானே மாற்றிக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். அலகில் நானே டேப் சுற்றிக் கொடுத்தேன்.