180 டிகிரியைச் சந்தேகித்தவர்

ஒரு நேர்கோடு, அதற்கு வெளியே ஒரு புள்ளி. முதல் கோட்டை எவ்வளவு நீட்டினாலும் தொடாதபடி அந்தப் புள்ளி வழியே எத்தனை கோடுகள் வரையலாம்? ஒன்றே ஒன்றுதான் என்று பள்ளியில் படித்திருப்போம். பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் இதைச் சற்றே சுற்றிவளைத்த சொற்களில் தன் ஐந்தாம் எடுகோளாக வைத்தார். எடுகோள் என்றால் நிரூபணம் கேட்காமல் ஏற்றுக்கொள்வது. மற்ற நான்கும் பார்த்தவுடன் புரிந்துவிடும். இதுவோ ஒரு தேற்றம் போல நீண்டு கிடந்தது. அதனால் அந்த நான்கிலிருந்தே இதை நிரூபித்துவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் முட்டிமோதினார்கள். இத்தாலியப் பாதிரியார் சக்கேரி, எடுகோள் பொய் என்று வைத்துக்கொண்டு முரண்பாட்டைத் தேடினார். வந்ததெல்லாம் விசித்திரமான தேற்றங்கள். நேர்கோட்டின் இயல்புக்கு இது ஒவ்வாது என்று 1733-இல் கடையை மூடிவிட்டார்.

அதே தேற்றங்களைப் பார்த்து மிரளாதவர் நிக்கோலாய் லோபசெவ்ஸ்கி. 1792-இல் ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கரோட்டில் பிறந்து, கசான் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பேராசிரியர் ஆனவர். 1826-இல் தன் எண்ணத்தைச் சக ஆசிரியர்கள் முன் வைத்தார். 1829-இல் கசானின் இதழில் அது அச்சேறத் தொடங்கியது.

தொடாத கோடுகள் ஒன்றுக்கு மேல் உண்டு என்று எடுத்துக்கொள்வோம். உடனே முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரிக்குக் குறைவாகவே வரும். எவ்வளவு குறையும் என்பது பரப்பைப் பொறுத்தது: முக்கோணம் பெரிதாகப் பெரிதாக இந்தக் குறைவும் அதிகரிக்கும். இதிலிருந்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த விளைவு. கோணங்களை மாற்றாமல் ஒரு உருவத்தைப் பெரிதாக்கவே முடியாது. அந்த உலகில் அளவு சுருக்கிய வீட்டு வரைபடம் கிடையாது!

சிறிய முக்கோணங்களில் இந்தக் குறை கண்ணுக்கும் கருவிக்கும் தெரியாது. அப்படியானால் நாம் வாழும் வெளி எந்த வகை? மேசையில் உட்கார்ந்து தீர்க்கிற கேள்வி அல்ல, அளந்துதான் பார்க்க வேண்டும் என்றார் லோபசெவ்ஸ்கி. பூமியின் சுற்றுப்பாதை விட்டத்தை அடியாகவும் சிரியஸ் விண்மீனை உச்சியாகவும் கொண்ட முக்கோணத்தைக் கணக்கிட்டார். குறை இருந்தாலும் அது அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துவிடும் அளவுக்குச் சிறியது. பெருவெடிப்பின் மிச்ச ஒளியை வைத்து இன்றும் அண்டவியலாளர்கள் இதே வகைச் சோதனையைத்தான் செய்கிறார்கள். பிழை வரம்புக்குள் வெளி தட்டையாகவே, அதாவது யூக்ளிட் சொன்னபடியே தெரிகிறது.

ஊரில் மரியாதைக்குக் குறைவில்லை. 1827 முதல் 19 ஆண்டுகள் பல்கலைக்கழகத்தின் தலைவராக (ரெக்டர்) இருந்தார். 1830 காலராவின்போது வளாகத்தை அடைத்துப் பலரைக் காப்பாற்றினார். கணிதத்துக்குத்தான் மரியாதை இல்லை. பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாடமிக்காகப் படித்துப் பார்த்த கணிதர் ஓஸ்ட்ரோகிராட்ஸ்கி, கவனிக்கத் தகுந்தது அல்ல என்று தள்ளினார். 1834-இல் ஒரு பத்திரிகை கேலியே செய்தது. ஹங்கேரியின் யானோஷ் போயாய் தனியாக இதே முடிவுக்கு வந்து 1832-இல் வெளியிட்டிருந்தார். முன்பே இதை யோசித்து வைத்திருந்த ஜெர்மன் கணித மேதை காஸ், 1842-இல் லோபசெவ்ஸ்கியைக் கோட்டிங்கன் அறிவியல் சங்கத்தின் உறுப்பினராக்கினார். ஆனால் அந்த வடிவியலை ஆதரித்து அச்சில் ஒரு வரி எழுதவில்லை. அந்த மௌனத்தை மன்னிப்பது கடினம்.

1846-இல் பதவி போனது, பிறகு பார்வையும். கடைசி நூலைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். 1856-இல் இறந்தார்.

சக்கேரி தேடிய முரண்பாடு எங்காவது ஒளிந்திருக்குமோ என்ற ஐயத்தை 1868-இல் இத்தாலியக் கணிதர் பெல்ட்ராமி தீர்த்தார். குதிரைச் சேணம் போல ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவில் இருபுறமாக வளையும் ஒரு பரப்பில், மிகக் குறுகிய பாதைகளை நேர்கோடுகள் என்று வைத்தால் ஒரு துண்டளவில் லோபசெவ்ஸ்கியின் விதிகள் பொருந்துகின்றன. லோபசெவ்ஸ்கியின் முழுத் தளத்தையும் யூக்ளிடின் ஒரு வட்டத்துக்குள் அவர் வரைபடமாக்கியும் காட்டினார். ஆகவே புதிய வடிவியலில் முரண்பாடு இருந்தால், யூக்ளிடின் வடிவியலிலும் அது இருந்தே தீர வேண்டும்.