மேல் எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

மாலை நான்கு மணி. குடல் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்திருக்கும் 58 வயதுக்காரருக்கு நாடித்துடிப்பு 88, ரத்த அழுத்தம் 124/78. ஐந்து மணிக்குத் துடிப்பு 104, அழுத்தம் 122/86. ஆறு மணிக்கு 118, 118/92. நர்சிங் மாணவி ஒவ்வொரு முறையும் பி.பி.யின் மேல் எண்ணைப் பார்க்கிறார். 120-ஐ ஒட்டியே நிற்கிறது. குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். ஏழு மணிக்கு அந்த எண் 84. கூப்பிட்டால் நோயாளியிடம் பதில் இல்லை.

அந்த நோயாளி, நர்சிங் மாணவர்கள் பழகும் கணினிப் பயிற்சியின் திரையில் இருப்பவர். எண்கள் நான் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால், வயிற்றுக்குள் ரத்தம் கசியும்போது உடல் நடந்துகொள்ளும் விதம் இதுதான். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் குறைவை உடனே மூளைக்குத் தெரிவிக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது. தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால்தான் கீழ் எண் ஏறுகிறது, தோல் சில்லிடுகிறது, சிறுநீர் குறைகிறது. ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை போன பிறகும் மேல் எண் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். உண்மையைச் சொல்வது இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்: 46, 36, 26.

பாடப்புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. மாணவி தேர்வில் சரியாக எழுதியும் இருப்பார். அறிந்திருப்பது வேறு, மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு கட்டில்களுக்கு நடுவே அதைக் கண்டுகொள்வது வேறு. வார்டிலும் இதைப் பழக வழி குறைவு. நோயாளியின் நிலை மோசமாகும் அந்தச் சில நிமிடங்களில் மூத்தவர்கள் கட்டிலைச் சூழ்ந்துகொள்வார்கள். மாணவி சுவரோரம் ஒதுங்கி நிற்பார். அப்படித்தான் நடக்க வேண்டும், ஓர் உயிர் அல்லவா? ஆனால், கற்றுக்கொள்ள வேண்டிய நிமிடங்களும் அவையே.

மெய்நிகர் சிமுலேஷன் எனப்படும் இந்தக் கணினிப் பயிற்சி அந்த நிமிடங்களை மாணவியின் கையில் கொடுக்கிறது. திரையில் தெரியும் எண்களுக்குப் பின்னால் தெரியாத கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். சில மென்பொருள்களில் அது எளிய விதிகளின் தொகுப்பு: இத்தனை நிமிடத்துக்குள் இதைச் செய்யாவிட்டால் அடுத்த நிலைக்குப் போ. வேறு சிலவற்றில், ரத்த ஓட்டத்தையும் மூச்சையும் சமன்பாடுகளாக எழுதிய உடலியல் மாதிரியே இருக்கும். நிமிடத்துக்கு இத்தனை மி.லி. கசிவு என்று கொடுத்தால் மற்றதை அதுவே கணக்கிடும். இரண்டிலும் கடிகாரம் நிற்பதில்லை. எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு செயலாகவே கணக்கில் சேரும். கற்பிக்கும் வலிமை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

துடிப்பு ஏறியதை வலி என்று மாணவி எடுத்துக்கொண்டு, மருத்துவர் எழுதிவைத்திருக்கும் வலி மருந்தான மார்ஃபினைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முட்டாள்தனம் இல்லை, வலியும் துடிப்பை ஏற்றும். ஆனால், மார்ஃபின் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும்; உடல் இறுக்கிப் பிடித்திருந்த பிடி நழுவி, அழுத்தம் முன்கூட்டியே சரியும். சலைனை வேகமாக ஏற்றினால் எண்கள் சற்றுத் தேறும், கசிவு நிற்காததால் மறுபடி இறங்கும். ஒவ்வொரு முடிவுக்கும் நோயாளியின் உடலே பதில் சொல்கிறது.

அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் கிறிஸ்டீன் டானர் 2006-இல் செவிலியரின் சிந்தனையை நான்காகப் பிரித்துக் காட்டினார்: கவனித்தல், பொருள் காணுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல். பயிற்சி முடிந்ததும் ஆசிரியர் நடத்தும் உரையாடல் கடைசிப் படிக்கானது. மாணவி எதை எத்தனை மணிக்குப் பார்த்தார் என்ற பதிவு முழுதாக இருக்கும். “ஏன் தவறவிட்டாய்?” என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். “ஐந்து மணிக்கு உன் மனத்தில் என்ன ஓடியது?” என்று கேட்கும் ஆசிரியருக்குத்தான் விடை கிடைக்கும். கவனிக்கவே இல்லையா, கவனித்தும் வலி என்று நினைத்தாரா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

அமெரிக்காவில் பத்து நர்சிங் கல்வி நிறுவனங்களில் 600-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2014-இல் வெளியானது. வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷனுக்கு மாற்றியும் அறிவிலோ திறனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான உரையாடலும் இருந்தன. பயிற்சியும் வெறும் கணினித் திரையோடு முடியவில்லை. மென்பொருளுக்கு உரிமம் வாங்கிக் கணினி அறையில் மாணவர்களை உட்கார வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

திரைக்கு எட்டாதவையும் இருக்கின்றன. ‘தோல் குளிர்ந்திருக்கிறது’ என்று திரையில் எழுத்து வந்துவிட்டால் பாதி விடை கைக்கு வந்துவிடுகிறது. வார்டில் கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ‘மருத்துவரை அழை’ என்ற பொத்தானும் அப்படித்தான். உண்மையில் அது ஒரு தொலைபேசி அழைப்பு. மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது பி.பி. எவ்வளவு என்பதாகவே இருக்கும். அதனால் சில ஆசிரியர்கள் பொத்தானை அழுத்துவதோடு விடுவதில்லை, வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள்: “மேல் அழுத்தம் 118தான் டாக்டர். ஆனால், இரண்டு மணி நேரத்தில் துடிப்பு 88-லிருந்து 118-க்குப் போயிருக்கிறது. கை கால் சில்லிட்டிருக்கிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 15 மி.லி.தான். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்.”